சந்தனப் பொட்டு வைத்த சிப்

அந்த வெள்ளிக்கிழமை காலை நாகவல்லியின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். மேசைக்கு முன்னால், டைப் அடிக்கும் நாற்காலியில் நாகவல்லி. தரையில் பழைய பெட்ஷீட்டை விரித்து, அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்து, கையில் ஸ்க்ரூடிரைவரோடு சம்மணம் போட்டிருந்தவன் அவள் தம்பி கஜபதி. வாசற்படியை அடைத்தாற்போல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தவன் அவள் புருஷன் மனோகரன். ஜன்னலோரம் முறத்தை மடியில் வைத்து அவரைக்காய்க்கு நாரெடுத்துக்கொண்டிருந்தவள் மனோகரனின் அக்கா கஸ்தூரி. அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கஜபதி மாட்டிக்கொள்ளும் நாள் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது. அதைப் பார்க்காமல் விட மனசில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதம் அந்தக் கம்ப்யூட்டர் அயனம்பாக்கத்துக்கு வந்தது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளின் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று நாகவல்லிக்கு டைப் வேலைக்குக் குறைவில்லை. கம்ப்யூட்டர்தான் சரியில்லை. பாதிப் பத்திரிகை அடித்திருக்கும்போது திரை அப்படியே உறைந்துபோகும். மவுஸ் அம்பை அசைக்க முடியாது. அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாங்கிக் கொடுத்தவன் கஜபதி. மவுண்ட் ரோடுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் பாஸ்கரன் அவனோடு கம்ப்யூட்டர் கிளாஸில் படித்தவன். அவன் கடையிலிருந்துதான் வந்தது. “பழச தேச்சு பாலீஷ் போட்டு ஒன் தலைல கட்டிட்டானுங்க” என்று மனோகரன் சொல்லும்போதெல்லாம் நாகவல்லி தம்பிக்காகச் சண்டை போட்டாள். ஆனால் ஆவடியில் பாஸ்கரன் ஒரு கிளை திறக்கப்போகிறான், அதற்குக் கஜபதிதான் பொறுப்பு என்ற செய்தி காதில் விழுந்ததிலிருந்து அவள் சண்டை போடுவதை நிறுத்தியிருந்தாள். சும்மா ஒருவன் இன்னொருவனைக் கடையில் தூக்கி உட்காரவைப்பானா?

“அவன் தெரிஞ்சே செஞ்சிருந்தான்னா, இந்த ஊட்டு வாசப்படி ஏறக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்” என்றான் மனோகரன். நாகவல்லியும் சரி என்று சொல்லியிருந்தாள். சொல்லிவிட்டு, தாய் தகப்பன் இல்லாத அந்த ஒரே தம்பிக்கு அன்றைக்கும் சோறு போட்டாள்.

இந்த நிலைமையில், யாரும் கூப்பிடாமலேயே கஜபதி வந்து நின்றான். ஏதோ பத்திரிகையில் படித்தானாம். உள்ளே இருக்கும் ப்ராசஸர் சிப்தான் கம்ப்யூட்டருக்கு மூளை, அதன் வேகம் நூற்று அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ். போர்டில் கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு கறுப்பு மூடி இருக்கும், ஜம்பர் என்று பேர். அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் மாட்டினால் அதே சிப் இருநூறில் ஓடும். காலணா செலவில்லை.

“இதுக்கு முன்னாடி எவ்ளோ கம்ப்யூட்டர்ல பண்ணிகீற?” என்றான் மனோகரன்.

“இதான் மாமா மொதோ தடவ.”

“அப்ப எங்க ஊட்டுதுதான் ஒனக்குத் தொழில் கத்துக்க கெடச்சுதா மச்சான்?”

“திடீர்னு இன்னாத்துக்குத் தொறக்கணுமாம்?” என்றாள் கஸ்தூரி, அவரைக்காயைப் பார்த்தபடியே. “உள்ள எதுனா மாத்தி வெக்கணுமோ இன்னாவோ.”

“நாலு பேர் கண்ணு முன்னாடி என்னாத்த மாத்தறது? வேணும்னா நீயே வந்து உள்ள உக்காந்துக்க அக்கா” என்றான் கஜபதி.

நாகவல்லி சிரிக்கவில்லை. தம்பியின் சட்டைப் பையைப் பார்த்தாள். அதில் சீப்புதான் இருந்தது. பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

கஜபதி மின்விசிறியையும் அதன் கீழிருந்த அலுமினியத் துண்டையும் கழற்றினான். அடியில் சாம்பல் நிறச் சதுரம். மனோகரன் ஸ்டூலை விட்டு வந்து குனிந்து, எழுத்துக்கூட்டிப் படித்தான். வெள்ளை எழுத்தில் நூற்று அறுபத்தாறு என்று தெளிவாக இருந்தது.

“சரியாத்தான் கீது” என்றான். அவன் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. நாகவல்லிக்கு அத்தனை நாளும் பிடித்துவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

மனசு இளகியதாலோ என்னவோ மனோகரன் பூஜை அலமாரிக்குப் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு திரும்பினான். அவன் எஸ்டேட்டில் டர்னர். ஓவர்ஹால் பண்ணிய எந்த லேத்தும் அவன் பட்டறையில் சந்தனம் குங்குமம் வைக்காமல் மறுபடி ஓடியது கிடையாது.

“இதுல மெயினா வேல செய்யறது எது?”

“இந்தச் சிப்புதான் மாமா. ஆனா அதுல போயி...”

சொல்லி முடிப்பதற்குள் சிப்பின் நடுநெற்றியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் ஏறிவிட்டன. அன்றைக்கு இருந்த நிலைமையில் மாமா வைத்த பொட்டை அழிக்கக் கஜபதிக்குத் துணிச்சல் வரவில்லை. அப்படியே அதன்மேல் அலுமினியத்தை வைத்து அழுத்தினான். ஜம்பரைப் பிடுங்கி மாற்றி மாட்டினான். சுவிட்சைப் போட்டான்.

விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அணைத்துப் போட்டான். மறுபடியும் கறுப்பு.

“போச்சா?” என்றாள் கஸ்தூரி.

“ஓடிகினு இருந்ததையும் நிறுத்திட்டான்” என்றான் மனோகரன்.

“நீ வெச்ச சந்தனம் மாமா! அதுல எப்பிடிச் சூடு எறங்கும்?”

“எங்க சந்தனத்தால ஒரு மிஷினும் நின்னதில்ல மச்சான். ஒன் கையாலதான் நின்னுது.”

கஜபதி வெடுக்கென்று எல்லாவற்றையும் கழற்றினான். ஈரத்துணியால் சிப்பை அழுத்தித் துடைத்தான். துணியில் மஞ்சள் வந்தது, சிவப்பு வந்தது. அப்புறம் வெள்ளையாகவும் ஏதோ வந்தது. சிப்பைப் பார்த்தான். நூற்று அறுபத்தாறில் பாதியைக் காணோம். இன்னும் ஒரு தேய். எண்ணே இல்லை. உப்புத்தாள் போட்ட கீறல்கள் மட்டும் பளபளத்தன.

“தண்ணி பட்டா அழியறதுக்கு அது கோலமாடா?” என்றாள் நாகவல்லி.

கஜபதி பக்கத்திலிருந்த சின்ன நெம்புகோலைத் தூக்கிச் சிப்பைப் பிடுங்கிக் கவிழ்த்தான். குண்டூசி நட்டாற்போன்ற கால்களுக்கு நடுவே பொடி எழுத்தில் ஒரு வரி. மேலே தேய்த்தவன் அடியைத் தேய்க்க மறந்திருந்தான். அந்த வரியின் கடைசியில் நூற்று முப்பத்து மூன்று என்று இருந்தது.

“அக்கா, இது நூத்து முப்பத்து மூணுதான். மேல வேற நம்பர் அடிச்சு, ஜம்பரையும் ஏத்தி வெச்சு வித்துட்டான். நான் பண்ணலாம்னு வந்த வேலைய கடையிலயே பண்ணிட்டான். அதான் இவ்ளோ நாளா மூச்சு முட்டி மூச்சு முட்டி நின்னுகினு இருந்துது. நான் அதுக்கு மேலயும் ஏத்தினேன், படுத்துக்கிச்சு.”

“கடையில பண்ணிட்டான். சரி. ஒனக்கு எதுவும் தெரியாது. அதுவும் சரி” என்றான் மனோகரன் மெதுவாக. “ஆவடில கடை மட்டும் ஒனக்கு.”

“தெரிஞ்சா நானே தொறந்து காட்டுவனா மாமா?”

நாகவல்லிக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொன்றும் பட்டது: தெரிந்திருந்தால், ஏற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு, யாருக்கும் புரியாமல் ஜம்பரை இறக்கிச் சரிசெய்துவிட்டுப் போகவும் வந்திருக்கலாமே. சந்தனம் மட்டும் வைக்காமல் இருந்திருந்தால்?

“நான் பாஸ்கரன நேராப் போயிப் பாத்துக்கறேன். சிப்பைக் குடு அக்கா” என்று கஜபதி கையை நீட்டினான்.

சிப் அதற்குள் நாகவல்லியின் கைக்குள் போயிருந்தது. விரலை மூடிக்கொண்டாள். கால்கள் உள்ளங்கையில் குத்தின.

“எதுக்கு? வேற ஒண்ணு மாத்திக் குடுத்துட்டு, ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வரவா?”

கஜபதியின் முகம் சுருங்கியது. கஸ்தூரிகூட நாரெடுப்பதை நிறுத்திவிட்டாள்.

“லெட்டர் போடலாம்” என்றாள் நாகவல்லி. “ரிஜிஸ்டர் தபால்ல. பணத்தத் திருப்பித் தரலன்னா கன்ஸ்யூமர் கோர்ட்டுனு எழுதுவோம். வாங்கினவன் நீ. நீதான் கையெழுத்துப் போடணும்.”

அந்தக் கையெழுத்து விழுந்தால் ஆவடிக் கடை இல்லை. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். கஜபதி கொஞ்ச நேரம் ஜம்பரை விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு சிப்பைக் கேட்டு வாங்கி, அவர்கள் பார்க்கப் பார்க்கவே அதன் இடத்தில் வைத்து, அலுமினியத்தையும் விசிறியையும் பூட்டினான். ஜம்பரை நூற்று முப்பத்து மூன்றுக்கு இறக்கினான். திரையில் வெளிச்சம் வந்தது.

“நீ எழுந்திரு அக்கா, நான் அடிக்கறேன்” என்றான்.

அவன் அடிக்க, அவள் அவனுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பெயர், தேதி, கம்ப்யூட்டர் வந்த நாள், அது நின்ற விதம், அழிந்த எண், அடியில் இருக்கும் எண். திரை ஒரு தடவைகூட உறையவில்லை. கடைசியில், அவள் சொல்லாத இரண்டு வரியை அவனாகவே சேர்த்தான்: ‘உன்னை நம்பி என் அக்காவிடம் இதைக் கொண்டுவந்தவன் நான். ஆவடிக் கடைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.’

பிரிண்டர் கறகறவென்று தாளைத் தள்ளியது. கஜபதி கையெழுத்துப் போட்டான். மனோகரன் வாங்கிப் படித்துவிட்டு, ஸ்டூலை வாசற்படியிலிருந்து நகர்த்திப் போட்டான்.

“நான் போயி போட்டுட்டு வரேன்” என்று கஜபதி கவரை எடுத்தான்.

“இரு, நானும் வரேன்” என்று நாகவல்லி செருப்பை மாட்டினாள்.

தம்பியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து அம்பத்தூர் வரைக்கும் போனாள். தபால் ஆபீஸில் பசை டப்பா காய்ந்துபோயிருந்தது. கஜபதி குழாயடியில் விரலை நனைத்து வந்து, பசையைக் கரைத்து, கவரின் வாயை ஒட்டி, உள்ளங்கையால் தேய்த்தான். கவுண்டரில் நீட்டப்போகும்போது நாகவல்லி, “குடு” என்று கவரை வாங்கி விலாசத்தைப் படித்தாள். பாஸ்கரன் பேர், கடை நம்பர், தெரு, பின்கோடு. இரண்டாம் தடவையும் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

தலையை நிமிர்த்தியபோது தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் அவசரமாகக் கவரைக் கம்பிக்கு உள்ளே தள்ளினாள். குமாஸ்தா அதைத் தராசில் போட்டு எடுத்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த பைக்குள் வீசினார்.