ஆறாவது வரி

பஞ்சாயத்துத் தலைவராக வேண்டும் என்று வேலுத்தாய் கனவில்கூட நினைத்ததில்லை. கரிசல்புதூரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். தெருக்காரர்கள் நாலு பேர் வந்து, "வாய் உள்ளவ நீதான், நீயே நில்லு" என்றார்கள். அவளும் நின்றுவிட்டாள். பூட்டு சாவிச் சின்னமும் கிடைத்தது. நோட்டீஸ் அடிக்கப் போன இடத்தில்தான் குழப்பம் பிடித்தது. ஜெயித்தால் ஊருக்கு முதலில் என்னென்ன செய்வீர்கள் என்று வரிசையாக எழுதிக் கொண்டுவரும்படி பிரஸ்காரர் சொல்லிவிட்டார்.

ஊருக்கு முதலில் என்ன வேண்டும்? யாரைக் கேட்பது? தேர்தல் முடிந்த எட்டாம் நாள் தீபாவளி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிறவள் வேலுத்தாய். சீசனில் காலை ஆறரைக்கு வேன் ஏறினால் பொழுது அடைந்துதான் வீடு திரும்புவாள். லீவு என்று வாயைத் திறந்தால் போர்மேன் கடித்துக் குதறிவிடுவார். அதனால் சரம் பின்னிக்கொண்டே பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டாள்.

"ஓடைல பாலம் போடச் சொல்லு மதினி. மழை பெஞ்சா வேன் அக்கரையிலேயே நின்னுக்கிடுது. அன்னைக்குச் சம்பளம் போச்சு" என்றாள் வெள்ளைத்தாய்.

"வேன் நிக்கிற எடத்துல ஒரு கொட்டகை" என்றாள் பஞ்சம்மாள். "தீப்பட்டா தூக்கிட்டு ஓட, பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி" என்றாள் இன்னொருத்தி. அப்போது மட்டும் எல்லோருடைய கையும் ஒரு கணம் நின்றது.

இப்படி ஐந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்து அவள் சொல்லச் சொல்ல, பத்தாவது படிக்கும் மகள் பானுப்பிரியா எழுதினாள். முத்து முத்தான எழுத்து. முடித்த பிறகும் பேனாவை மூடாமல், "இன்னும் எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டாள்.

"அஞ்சு போதும்டி. அதுக்கு மேல எவன் படிக்கப் போறான்?" என்று தாளை வாங்கி மடித்துக்கொண்டாள் வேலுத்தாய்.

ஆயிரம் நோட்டீஸ் வந்து இறங்கியது. போர்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடிச் செவ்வாய்க்கிழமை ஒருநாள் லீவு வாங்கினாள். ஊருக்கு மேற்கே காட்டுப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குப் போவதாகவும், வர மத்தியானம் ஆகும் என்றும் மகளிடம் சொல்லிவிட்டு விடியுமுன் கிளம்பினாள். போய்ப் பார்த்தால் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். திரும்பி, நிலமும் மாடும் உள்ள சம்சாரிகள் இருக்கும் மேலத்தெருவுக்கு வந்தாள்.

அந்தத் தெருவின் நூறு வீட்டு ஓட்டையும் சட்டைப்பையில் வைத்திருப்பவர் போல நடப்பார் சங்கையா. நோட்டீஸைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

"ஏ வேலுத்தாயி, அந்த ஓடை நம்ம பஞ்சாயத்துலயே இல்லையேம்மா. பக்கத்துப் பஞ்சாயத்துல போயி நீ எப்படிப் பாலம் போடுவ?"

வேலுத்தாய் முழித்தாள். பத்து வருஷமாகத் தினம் இரண்டு தடவை கடக்கிற ஓடை. அது தன் ஊரில் இல்லை என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"ஆஸ்பத்திரி கவர்மெண்டு கட்டணும். மத்ததும் கம்பெனிக்காரன் செய்ய வேண்டியது. இதுல கம்பெனிதான் இருக்கு. ஊரைக் காணோமே" என்றார் சங்கையா.

கேலியா, நிஜமா என்று தெரியவில்லை. "ரெம்பச் சரி அண்ணாச்சி" என்று பொதுவாகச் சொல்லி நழுவினாள். தெருவில் இறங்கியதும் தலை கிறுகிறுத்தது. அப்படியானால் ஊருக்கு என்னதான் வேண்டும்? வெயில் ஏறிய தெருவை ஏதோ பிறத்தியார் ஊர்போலப் பார்த்தாள். வேலை நாளில் இந்த நேரத்துக்குத் தன் ஊர் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குடங்கள் வரிசையாக இருந்தன. பள்ளிக்கூடத் தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் நின்றது பானுப்பிரியா.

"இன்னைக்கு என்னடி லீவா?"

மகள் குனிந்து குடத்தை முன்னால் நகர்த்தினாள். சங்கையாவின் வீட்டுக்காரி முத்துமாரியம்மாள்தான் பதில் சொன்னாள். "இன்னைக்குத் தண்ணி நாளுல்ல? ஒருநா விட்டு ஒருநா ஒம்போது மணிக்குத்தான் தெறந்து விடுறாக. பள்ளிக்கூட பஸ்ஸு எட்டுக்கே போயிருது. ஒம்மக தண்ணி நாள்ல எங்க பள்ளிக்கூடம் போறா?"

தினமும் சாயங்காலம் வீட்டில் குடங்கள் நிறைந்திருக்கும். மொண்டு குடித்துவிட்டுக் கையைக் காலை நீட்டுவாள் வேலுத்தாய். அது எப்போது நிறைந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் மகள்மேல் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"நோட்டீசு எழுதுனவ நீதான? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"நீ கம்பெனில கேட்டதத்தானம்மா எழுதச் சொன்ன. இன்னும் இருக்கான்னு கேட்டேன்ல."

வேலுத்தாய் முத்துமாரியம்மாளிடம் திரும்பி, "அக்கா, நான் வந்தா அஞ்சு மணிக்கே தண்ணி விடச் சொல்லுதேன்" என்றாள்.

"அஞ்சுக்கா? நாங்க மாட்டப் பாப்பமா, தண்ணியப் பிடிப்பமா? ஒம்போதுதான் எங்களுக்குத் தோது. அத மாத்துன, எங்க தெருவுல ஒரு ஓட்டு விழாது, பாத்துக்க."

நூறு வீடு. எது சரி, எது புத்திகெட்ட வேலை என்று பிடிபடவில்லை. தொட்டியடியில் உட்கார்ந்து நோட்டீஸ் கட்டைப் பிரித்தாள்.

"இந்தா பேனா. அஞ்சுக்குக் கீழ ஆறுன்னு போடு. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர். எல்லாத்துலயும் எழுது."

பானுப்பிரியா அம்மாவையே பார்த்தாள். "இதுக்கு யாரும்மா ஓட்டுப் போடுவாக?"

"நீ போட மாட்டியா?"

"எனக்குத்தான் ஓட்டு இல்லையே."

"தெரியும். எழுது."

குழாயில் தண்ணீர் வந்தது. வேலுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். முதல் குடத்தை எடுத்தவள், அதைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

"நம்ம வீட்டுக்கு எத்தன கொடம்டி?"

"பன்னெண்டு" என்றாள் மகள், எழுதுவதிலிருந்து நிமிராமல்.