பூசணிக்காயும் பட்டாணியும்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். உண்மை வேறு. போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி எங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, "மாமா, ரிட்டயர் ஆனதுலேர்ந்து கதை எழுதுறீங்களே, ஒண்ணு கேக்கணும்" என்றான். கேட்பதற்குள் ஒரு யுகம் கழிந்தது. காபி ஆறி, ஆடை கட்டி, அந்த ஆடையில் ஓர் ஈ குடியேறி, பேரன் பேத்தி எடுத்துவிட்டது.

"என் பிரெண்டுக்கு ஒரு கட்டி. கீழ."

"கீழன்னா? கால்லயா?"

"அதுக்கு மேல."

"முட்டியிலயா?"

"மாமா!"

(சொல் பிரச்சினையை இங்கேயே தீர்த்துவிடுவோம். இதற்கு ஆண்கள் வைத்திருக்கும் சொற்களைத் தொகுத்தால் தனி அகராதி போடலாம். டாக்டரிடம் சொல்லத்தக்கதாக அதில் ஒன்று தேறினால் அதிசயம். பாடப்புத்தகம் ‘விந்தகம்’ என்பதை நான் ‘விரை’ என்றே எழுதப்போகிறேன். கூச்சப்படுகிறவர்கள் கொஞ்ச நேரம் ஜன்னலில் வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம்.)

2

முதல் தொடக்கம்: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்த வங்கி அதிகாரி..."

வேண்டாம். என் கதைகளில் பெய்த மழைக்கு வாசகர்களுக்கு ஜலதோஷமே பிடித்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "அவன் தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்கிறவன்."

மச்சினனுக்கும் அதே தொழில்தான். [நண்பனுக்கு வேறு தொழில் கொடுக்கலாமா? பிறகு பார்ப்போம்.] அந்தத் தொழிலில் ஒரு வேதவாக்கு உண்டு: சத்தமில்லாமல் ஓடுகிற பம்பைப் பிரிக்காதே. பிரித்தால் இல்லாத கோளாறும் வந்து சேரும். மேலே உள்ளங்கையை வைப்பார்கள். சூடு இல்லை, நடுக்கம் இல்லை, முனகல் இல்லை என்றால் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பம்புக்கு அது போதும். உடம்பையும் அதே உள்ளங்கையால்...

"வலியே கிடையாது மாமா அவனுக்கு. அதான் விட்டுட்டான். வலிச்சா போகாம இருப்பானா?"

3

நண்பன் எனக்குப் பிடிபடவே இல்லை. எப்படி வரைந்தாலும் மச்சினனின் மூக்கே வந்து உட்கார்ந்தது. இப்படி ஒரு பாத்திரம் தகராறு செய்தால் என்னிடம் இருப்பது ஒரே ஆயுதம்: புளுகு. புதன்கிழமை மச்சினனைக் கூப்பிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"கட்டி பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. அவன் நடந்தால் தெருவே ஒதுங்கி வழிவிட்டது. பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் கேட்டார்கள்..."

"ஏன் மாமா இப்படி அள்ளி விடுறீங்க? பட்டாணி அளவுதான். வலது பக்கம். கல்லு மாதிரி இருக்கும், அமுக்குனாலும் வலிக்காது."

நான் பேனாவை மூடினேன்.

"பிரெண்டோடதை நீ எதுக்குடா அமுக்கிப் பாத்த?"

சமையலறையில் தட்டு ஒன்று விழுந்தது. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். (அந்தச் சத்தத்தில் ஊரில் பாதிக் கடிகாரங்கள் நின்றுபோயின என்று முதலில் எழுதியிருந்தேன். வெளியே வந்தவளின் முகத்தை நினைத்துப் பார்த்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.)

4

"எத்தனை நாளா?"

"மூணு நாலு மாசம் இருக்கும்க்கா."

"உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"என்கிட்ட என்னடா வெக்கம்? உன்னைக் குளிப்பாட்டி வளத்தவடா நான்."

"அப்ப எனக்கு ரெண்டு வயசுக்கா."

"இப்ப மட்டும் என்ன, புத்தி வளந்துருச்சா?"

சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "எடுத்துடணும்னு சொல்லிட்டா? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. நாளைக்கு ஒரு குழந்தைன்னு..."

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டது நானல்ல.)

"இன்னைக்கே அவகிட்ட சொல்லு," என்றாள் என் மனைவி. "காலையில டாக்டர்கிட்ட போறோம். நீ வரலைன்னா, உனக்குப் பதிலா இவரை அனுப்புவேன். போய் பூசணிக்காய்னு சொல்லிட்டு வருவாரு."

5

டாக்டர் ஒரு பெண்மணி. கதை சுவாரசியமாக இருக்கட்டும் என்று நான் போட்டதல்ல, நிஜமாகவே. மச்சினனின் முகத்தில் அப்போது வந்துபோன நிறங்களுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. அவரோ காய்ச்சலுக்குப் பார்ப்பதுபோலப் பரிசோதித்துவிட்டுக் கை கழுவினார். பிறகுதான் என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

"வலிக்கலைன்னுதான் வரலை டாக்டர்," என்றான்.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வலிக்காத கட்டியா இருந்தாலும் உடனே காட்டணும். வீக்கம், கனமா இருக்கிற மாதிரி உணர்வு, எது புதுசா வந்தாலும் சரி. திடீர்னு தாங்க முடியாம வலிச்சா நாளைக்குப் பாப்போம்னுகூட இருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்."

"அப்ப இது..."

"ஸ்கேன் பாக்காம சொல்ல மாட்டேன். இந்தப் பகுதியில வர்ற கட்டி நிறைய சாதாரணமானதுதான். ஆனா உங்களுது விரையிலயே, கெட்டியா இருக்கு. அதனால தள்ளிப் போடக் கூடாது. புற்றுநோயாவே இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் குணமாயிடும்."

"ஒண்ணை எடுத்துட்டா?"

"இன்னொண்ணு நல்லா இருந்தா அது வேலையைப் பாத்துக்கும். குழந்தை பத்தின கவலையை சிகிச்சைக்கு முன்னாடியே பேசலாம், அதுக்கும் வழி இருக்கு."

6

முடிவுகள் தயார். என்னிடம் முடிவுக்கா பஞ்சம்?

அ) வெறும் நீர்க்கட்டி. மச்சினன் ஆஸ்பத்திரி வாசலில் குதித்த குதியில் பக்கத்துக் கட்டடத்தில் விரிசல்.

ஆ) ஆபரேஷன். ஆறே வாரத்தில் அவன் ஒற்றைக் கையால் ஒரு பம்பைத் தூக்கி...

இ)

இதற்கு நான் எதுவும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை.

7

அன்று மாலை, ஸ்கேன் அறை வாசலில் நாலு நாற்காலி, என் மனைவிக்கும் எனக்கும் சேர்த்து. அவன் மனைவி வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். நேற்றிரவு அவள் திட்டிய திட்டை எழுதினால் காகிதம் கருகிவிடும். இப்போது அவன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டார்கள். அவன் எழுந்தான். யாரும் தள்ளவில்லை. அவளும் கூடவே எழுந்தாள்.

என் சட்டைப்பைப் பேனாவை அவன் பார்த்தான்.

"மாமா, இதுவரைக்கும் எழுதிக்கோங்க. உள்ள நடக்குறது எங்களோடது."

கதவு சாத்திக்கொண்டது.

ஆகவே வாசகரே, எனக்கு முடிவு தெரியாது. தெரிந்தாலும் சொல்ல அனுமதி இல்லை. இங்கே இரண்டு நாற்காலி காலியாக இருக்கிறது. வலிக்கவில்லையே என்று நீங்களும் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் வந்து உட்காருங்கள். நான் எதுவும் கேட்க மாட்டேன். கூப்பிடும்போது எழுந்து போனால் போதும்.