மூன்றாவது வேண்டாம்

இருந்தவர்கள்: அக்கா, அத்தான், அவர்கள் மகள் சுண்டு, நான். பரிமாறிய பெண்ணையும் சேர்த்துக்கொள்ளலாம், கடைசியில் அவளுக்கும் ஒரு வேலை இருந்தது. பக்கத்து மேசையில் ஒரு ஜோடி. சாப்பிட்டு முடிக்கும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவர்களை விட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஒரு சின்ன பிரெஞ்சு உணவகம். வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து அக்கா பல வருடமாகப் பார்த்துவந்த இடம். ஜன்னலில் பாதி உயரத்துக்குச் சிவப்புத் திரை, வாசலில் சாக்பீஸால் எழுதிய கரும்பலகை. ஊரை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது உள்ளே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றாள்.

அவளுக்கு வேலை மாற்றல். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாள். வேறு ஊரில் புதிதாகக் கிளை திறக்கிறார்கள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். எந்த ஊரிலும் லிஃப்ட் பாதி வழியில் நிற்கும், அதனால் அவருக்குக் கவலையில்லை. சுண்டுவுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தாகிவிட்டது. என்னைப் பற்றித்தான் பேச்சில்லை. அவர்கள் வீட்டுப் பின்னறையில் இருப்பவன் நான். கூடத்தில் அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. என் அறை வாசல் வரை வந்து நின்றுவிட்டன. என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்களா இல்லையா என்று யாரும் வாய்திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. சாப்பிடப் போகலாம் என்று அக்கா சொன்னபோது, சொல்வதற்குத்தான் கூப்பிடுகிறாள் என்று புரிந்தது.

மேசை மூன்று பேருக்கானது. நான்காவதாக ஒரு நாற்காலியைப் போட்டு, மேசைகளுக்கு நடுவே நடக்கிற வழியில் என்னை உட்கார வைத்தார்கள். போகிற வருகிற எல்லோரும் என் தோளை இடித்தார்கள்.

"தனித்தனித் தட்டு கிடையாதுங்க," என்றாள் பரிமாறும் பெண். "எல்லாம் நடுவுல வைப்போம், பகிர்ந்துக்கலாம். எது முதல்ல ரெடியாகுதோ அது முதல்ல வரும்."

"அப்ப யாருக்குக் கை நீளமோ அவங்களுக்கு லாபம்," என்றார் அத்தான்.

"பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாங்க," என்றாள் அக்கா.

சுண்டு அவள் காதில் ஏதோ சொன்னாள். சுண்டுவுக்கு ஏழு வயது. எதையும் யார் காதிலாவது ரகசியமாகத்தான் சொல்வாள். பிறவியிலேயே சதிகாரி என்று நான் அவளைக் கேலி செய்வேன்.

"மாமா ஏன் கதவையே பாக்கறாங்கன்னு கேக்கறா," என்றாள் அக்கா.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐந்து வருடம் ஒரு கிடங்கில் இராத்திரிக் காவல். காவல் என்றால் தடியைப் பிடித்துக்கொண்டு நடப்பதல்ல. ஒரு சிறிய அறையில் உட்கார்ந்து, பூட்டிய கதவுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பது. எந்தக் கதவும் ஒருநாளும் திறந்ததில்லை. ஒருநாள் பாதி ஷிஃப்டில் எழுந்து வந்துவிட்டேன். பிறகு போகவில்லை. போய் என்ன சொல்வது? கதவெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றா?

"காலை ஆட்டாத மாப்ள," என்றார் அத்தான். "தண்ணியெல்லாம் அலையடிக்குது."

காலை நிறுத்தினேன். கை ஆரம்பித்தது. மெனு அட்டையின் மூலையை மடித்து மடித்துப் பிரித்தேன்.

முதலில் வெங்காய சூப் வந்தது, மேலே சீஸ் உருகித் தோல் கட்டியிருந்தது. பிறகு சிப்பிகள், ஒரு வாளி நிறைய. பிறகு வாத்துக் கால். பிறகு உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி, அடுக்கி, க்ரீம் ஊற்றி ஓவனில் வாட்டியது. மேசையில் இடமில்லாமல் உப்பு டப்பாவை என் மடியில் வைத்துக்கொண்டேன். நாலு கைகளும் நடுவில் மோதிக்கொண்டன. ஒவ்வொரு தட்டு வரும்போதும் அக்கா பேச வாயைத் திறப்பாள். தட்டை எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்துவிடும்.

சுண்டு உருளைக்கிழங்கில் ஒரு பங்கு சாப்பிட்டு முடித்தாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?" என்றாள் அக்கா. சுண்டு அவள் காதில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது.

"வேணாம்."

"கொஞ்சூண்டு?"

"வேணாம்மா."

"ஓரத்துல முறுகலா இருக்கு பாரு. அது?"

சுண்டு தட்டை நீட்டினாள்.

இது எங்கள் குடும்பத்து வழக்கம். அம்மா ஏற்படுத்தியது. யாராவது ஒன்றைக் கொடுத்தால் உடனே கை நீட்டுவது ஆலாய்ப் பறக்கிறவன் செய்வது என்பாள். அதனால் முதலில் சொல்கிற ‘வேண்டாம்’ என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை, அது மரியாதைக்கு. இரண்டாவது யோசிப்பதற்கு. மூன்றாவது வேண்டாம்தான் வேண்டாம். நானும் அக்காவும் பேசக் கற்றுக்கொண்டபோதே இதையும் கற்றுக்கொண்டோம். இப்போது சுண்டுவுக்கும் வந்துவிட்டது.

அத்தானுக்கு வரவில்லை. அவர் வீட்டில் வேண்டாம் என்றால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"உங்கம்மா ஞாபகம் வருது," என்றார் அவர், சிப்பி ஓட்டால் இன்னொரு சிப்பியைக் கிள்ளி எடுத்தபடி. "முதல் தடவை உங்க வீட்ல சாப்பிட்டேன் பாரு. வேணாம்னேன். ஒரு கரண்டி வச்சாங்க. சத்தமா வேணாம்னேன். இன்னொரு கரண்டி. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, மாமியாருக்குக் காது மந்தம்னு. பாவம், கடைசி வரைக்கும் அவங்ககிட்ட நான் கத்தித்தான் பேசினேன்."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம். அம்மாவுக்குப் பாம்புச் செவி. பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவது கேட்டு இங்கிருந்தே திட்டுவாள். மாப்பிள்ளை ஏன் இப்படிக் கத்துகிறார் என்று எங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடமும் சரி, அத்தானிடமும் சரி, நாங்கள் விஷயத்தைச் சொல்லவில்லை. அக்காவுக்கு உதடு துடித்தது. எனக்கும். அந்த ஒரு நிமிடம் எல்லாம் சரியாகிவிடும் என்று பட்டது.

அப்போதுதான் அத்தான் கையைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்ள, நீயும் எங்களோட வந்துடேன். ரெண்டு ரூம்தான், ஒண்ணு சுண்டுவுக்கு. ஹால்ல ஒரு கட்டில் போட்டா போச்சு. என்ன சொல்ற?"

இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"வேணாம் அத்தான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி, உன் இஷ்டம்," என்றார் அவர். வாளிக்குள் கையை விட்டு அடுத்த சிப்பியை எடுத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. லிஃப்ட் பொத்தானை இரண்டாம் தடவை அமுக்குகிறவர்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. ஒரு தடவை அமுக்கினால் போதும், அதற்குத் தெரியும் என்பார்.

நான் அக்காவைப் பார்த்தேன். இரண்டாவது முறை கேட்க வேண்டியவள் அவள். அது முதல் வேண்டாம் என்று இந்த மேசையில் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவள் ரொட்டியைப் பிய்த்தாள். பிய்த்ததை சூப்பில் தோய்த்தாள். தோய்த்ததைச் சாப்பிடாமல் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"வாத்து ஆறுது. சாப்பிடுங்க," என்றாள்.

நான் எழுந்து கழிவறைக்குப் போனேன். போக வேண்டிய தேவை இல்லை. கையைக் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். சமையலறைக் கதவில் வட்டக் கண்ணாடி. உள்ளே ஒருவன் அடுப்புக்கும் மேசைக்கும் இடையே இரண்டடி இடத்தில் சுழன்றுகொண்டிருந்தான். அவனுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. திரும்பி வந்தேன். மறுபடி எழுந்து மேல்சட்டை ஆணியில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"என்னடா, பூனைக்குட்டியைத் தூக்கிட்டு அலையற தாய்ப்பூனை மாதிரி," என்றார் அத்தான். "ஒரு எடத்துல உக்காரு."

பக்கத்து மேசை ஜோடி எழுந்து போனது. அத்தான் கணக்கை முடித்தார். கார் இரண்டு தெரு தள்ளி நின்றது. சுண்டுவைத் தூக்கிக்கொண்டு, எடுத்து வருகிறேன் என்று போனார்.

தட்டில் உருளைக்கிழங்கு ஒரு துண்டு மிச்சம் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அக்கா, நானும் வரட்டுமா?" என்றேன்.

நான் இப்படிக் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் கேட்கிற வேலை மற்றவர்களுடையது. அவள் நிமிரவில்லை.

"வேணாம்டா."

"ஹால்ல வேணாம். எங்கயாவது ஒரு மூலை. வேலை தேடிக்கறேன். பகல் வேலை."

"பகல்ல உன்னால நிக்க முடியாது. வேலையை நீ விட்டுட்ட. வேலை உன்னை விடல. இப்பவும் ராத்திரி பூரா சமையல்கட்டுல நடக்கற. பிரிட்ஜைத் திறந்து திறந்து பாக்கற. நான் மல்லாக்கப் படுத்துக்கிட்டு எத்தனை தடவைன்னு எண்ணிட்டிருக்கேன்."

"நடக்கல. இனிமே நடக்கல."

"வேணாம்."

இரண்டாவது. அவள் தோய்த்து வைத்திருந்த ரொட்டி ஊறி உடைந்துவிட்டது. அதை விரலால் தள்ளினாள்.

"சுண்டு ஏன் குசுகுசுன்னு பேசறான்னு என்னைக்காவது யோசிச்சியா?" என்றாள்.

"அது அவ விளையாட்டு."

"டீச்சர் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. வீட்ல யாருக்காவது ரொம்ப முடியலையான்னு கேட்டாங்க. பாடம் வாசிக்கச் சொன்னா காதுல வந்து சொல்றாளாம். பசங்க அவளை ஊமைன்னு கூப்பிடறாங்க. எனக்குப் புரியல. அப்புறம்தான் புரிஞ்சுது. அவ பேச ஆரம்பிச்சதுலேருந்து நாங்க அவகிட்ட சொன்னதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். மாமா தூங்கறாங்க, மெதுவா."

அவர்கள் பகலில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்ததும், மிக்ஸியைத் துணி சுற்றி ஓட்டியதும் எனக்குத் தெரியும். தூங்கிக்கொண்டிருந்தவனுக்குக் கேட்காத சத்தம் எதுவும் அந்த வீட்டில் இல்லை. சுண்டு குரலை மட்டும் நான் கவனிக்கவில்லை. கவனிக்க அப்படி ஒரு குரலே அந்த வீட்டில் இல்லை.

வெளியே ஹாரன் கேட்டது. அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

"அக்கா," என்றேன். "நானும் வரேன்."

அவள் நின்றாள். அம்மாவைப் போலவே தலையைச் சற்றுச் சாய்த்து என்னை நேராகப் பார்த்தாள்.

"வேணாம்," என்றாள். "எண்ணித்தான் சொல்றேன்."

அதற்கு மேல் கேட்பது எங்கள் வீட்டில் கிடையாது.

"நீங்க போங்க," என்றேன். "நான் நடந்து வரேன்."

"சாவி வச்சிருக்கல்ல?"

"இருக்கு."

உருளைக்கிழங்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு அவள் போனாள். பரிமாறும் பெண் சாவிக்கொத்தோடு வந்தாள். மதிய வேளை முடிந்துவிட்டது, இனி யாரையும் உள்ளே விடக் கூடாது என்றாள்.

"நீங்க மெதுவா முடிங்க. சமையல்கட்டு வழியா போய்க்கலாம்."

அக்கா வெளியே காலடி வைத்தாள். கார் சாலையைப் பாதி மறித்து நின்றது. பின்னால் வண்டிகள் கத்தின. பின்ஜன்னலில் சுண்டு இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சீக்கிரம் வா! அந்தாளு திட்டறான்!"

அத்தனை இரைச்சலையும் தாண்டி வந்தது. கணீரென்ற குரல். அதுவரை நான் கேட்டதே இல்லை.

பரிமாறும் பெண் கதவை இழுத்துச் சாத்தினாள். குரல் அறுந்தது. அவள் சாவியைத் திருப்பிவிட்டு, பூட்டிக்கொண்டதா என்று ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தாள்.