தானே மின்னும் விளக்கு

தியாகராஜாவின் கார் களவு போன மூன்றாம் நாள் குலசேகரம் என் பட்டறைக்கு வந்தார். தியாகராஜாவின் மனைவி கனகேஸ்வரிக்கு அவர் தம்பி. ஐம்பது வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டோடு இருந்தவர். போலீஸ் நிலையத்தில் இரண்டு நாள் வைத்து விசாரித்துவிட்டு அன்று காலைதான் விட்டிருந்தார்கள்.

கையில் ஒரு துணிப்பை இருந்தது.

"வீட்டுக்குப் போனேன். அத்தான் கேட்டைத் திறக்கல. இந்தப் பை வெளிய கிடந்துச்சு. அக்காதான் அடுக்கியிருக்கு. சட்டை மடிச்சிருக்கிறதப் பாத்தாலே தெரியுது."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"மொத்தம் ரெண்டு சாவி, சற்குணம். ஒண்ணு அத்தான் தலைகாணிக்குக் கீழ. இன்னொண்ணு என்கிட்ட. சாவி இல்லாம இந்தக் காடி ஓடாதுன்னு கம்பெனி புத்தகத்துல போட்டிருக்காம். அப்ப திருடன் நான்தானே லா. போலீஸ்காரன் பேசுறது ஞாயம்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாலத்துல டோல் கட்டவே பத்துத் தடவ யோசிக்கிறவன் நான், எந்தப் பக்கம் ஓட்டிக்கிட்டுப் போவேன்னு கேட்டேன். அவன் சிரிக்கல."

நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு வாங்குவார் என்பது ஊருக்கே தெரியும். அதையும் போலீசில் எழுதிக்கொண்டார்களாம்.

"நீ காடி கம்ப்யூட்டர் பாக்குறவன். நீ சொன்னா அத்தான் கேப்பாரு. சாவி இல்லாம அந்தக் காடியக் கிளப்ப முடியுமா, முடியாதா?"

நான் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"கம்பெனிக்காரங்க முடியாதுன்னுதான் சொல்றாங்க, அண்ணே."

"நீ என்ன சொல்ற?"

"நானும் அப்படித்தான் படிச்சிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. பக்கத்து இப்ராஹிம் கடைக்கு அவரை அழைத்துப்போனேன். இரண்டு ரொட்டி சானாய் சொன்னேன். வேகமாகச் சாப்பிட்டார். இன்னொன்று சொன்னேன்.

"இன்னிக்கு என்னை உக்கார வச்சுச் சோறு போட்டவன் நீ ஒருத்தன்தான்," என்றார்.

பிறகு ஃபெர்ரி ஏறி அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்குப் போனார். அங்கே ஒரு நண்பருக்கு அறை இருந்தது.

அந்தக் கார் ஜனவரியில் என்னிடம் வந்தது. ஐரோப்பியக் கார், வாங்கி மூன்று வருடம். எஞ்சின் பிடிக்கும், இரண்டு வினாடியில் அணைந்துவிடும். பழுது எஞ்சினில் இல்லை. சாவியின் தலைக்குள் ஒரு சில்லு உண்டு. சாவித்துளையைச் சுற்றியிருக்கும் வளையம் அதைப் படித்து, காவல் பெட்டி வழியாக எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சரியான சாவி என்றால்தான் எஞ்சின் ஓடும். இம்மொபிலைசர் என்பார்கள், காரின் காவல்; அது வேலை செய்தால் ஒரு சிவப்பு விளக்கு மின்னும். வளையம் செத்துப்போயிருந்தது. சாவி சரியாக இருந்தும் கார் சொந்தக்காரரைத் திருடனாக நினைத்தது. முழு செட்டும் ஐரோப்பாவிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

தியாகராஜா ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவர்.

"செய்ய முடியுமா தம்பி?"

"முடியும், அங்கிள்."

"காவலை எடுத்துடாதே. தூங்கப் போறதுக்கு முன்னால ஜன்னல் வழியா அந்தச் சிவப்பு விளக்கைப் பாப்பேன். அது மின்னினாத்தான் எனக்குத் தூக்கம்."

"எடுக்க மாட்டேன்."

பாயான் லெப்பாஸில் ஒரு சில்லுத் தொழிற்சாலையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். போன வருடம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பினார்கள். பட்டறை திறந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கம்பெனியால் முடியாததைச் செய்தவன் என்று பேர் வேண்டியிருந்தது.

எஞ்சின் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். உள்ளே எட்டுக் கால் உள்ள ஒரு நினைவுச் சில்லு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் சோதித்த அதே வகை. அதைப் பெயர்த்தெடுத்துப் படித்து, இரண்டு இடத்தில் எண்ணை மாற்றி, திரும்பப் பற்றவைத்தேன். அதன் பிறகு கம்ப்யூட்டர் எந்தச் சாவி என்று கேட்காது. கேட்கும் பழக்கத்தையே அதிலிருந்து எடுத்துவிட்டேன். எஞ்சின் பிடித்தது. அணையவில்லை.

சிவப்பு விளக்கும் மின்னவில்லை.

சாமி படத்துக்கு வைக்கிற, தானே மின்னும் சிறு விளக்குகள் பத்து வாங்கி மேசை இழுப்பறையில் போட்டிருந்தேன். ஒன்றை எடுத்துப் பழைய விளக்கு இருந்த இடத்தில் பொருத்தினேன். ஒயரை நேரே பேட்டரியோடு சேர்த்தேன். மின்னியது. பழையதைவிடக் கொஞ்சம் வேகமாக.

சிங்கப்பூரிலிருந்து வளையம் வரவழைத்து எண்களைப் பழையபடி மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பழைய எண்களைத் தாளில் எழுதியும் வைத்தேன். வளையம் கேட்டுத்தான் கடிதம் எழுதவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் தியாகராஜா என் தோளில் கைபோட்டுப் பத்துப் பேரிடம் சொன்னார். "கம்பெனிக்காரனால ஆகல. நம்ம சற்குணம் ரெண்டு நாள்ல முடிச்சான். காவலும் போகல." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். அதன் பிறகு சொல்வது கஷ்டமாகிவிட்டது. மார்ச்சில் கார் போனது.

குலசேகரம் வந்துபோன மறுநாள் தியாகராஜா வீட்டுக்கு போன் செய்தேன். கனகேஸ்வரி எடுத்தார்.

"அவர் குளிக்கிறாரு. என்ன விஷயம்?"

"சும்மாதான், ஆன்ட்டி."

போனை வைக்கப் போனேன்.

"தம்பி, குலம் அங்க வந்தானா?" குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"வந்தாரு."

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டாரு."

"சரி," என்றார். வைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் கார் கிடைத்தது. அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில், எஸ்டேட்டுக்குள், செம்பனை மரங்களுக்கு நடுவில். தியாகராஜா என்னையும் வரச்சொன்னார். "நீ பாத்துச் சொன்னா போலீஸ்ல எழுதிக்குவாங்க. இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும்." என் வேனில் போனோம். பாலத்தைவிட்டு இறங்கும்போது அவர் சொன்னார். "பன்னெண்டு வருஷம் என் வீட்டுச் சோறு."

காருக்கு நான்கு சக்கரமும் இல்லை. செங்கல் மேல் நின்றது. ரேடியோ போய்விட்டது. சாவித்துளையை உடைத்துப் பெயர்த்திருந்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் மரத்தடியில் நின்றிருந்தார். கைரேகை எடுத்தாகிவிட்டது, தொடலாம் என்றார்.

"சாவித்துளைய உடைச்சிருக்காங்க, அங்கிள்," என்றேன்.

"வெளியாள் செஞ்ச மாதிரி தெரியட்டும்னு உடைச்சிருப்பான்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். மர நிழலில் நன்றாகத் தெரிந்தது. விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தியா?" என்றார். என் முழங்கையைப் பிடித்தார். "ஒன்பது நாளாச்சு. காவல் இன்னும் வேலை செய்யுது. நீ செஞ்ச வேலை பழுதாகல. அப்ப சாவி போட்டுத்தானே எடுத்திருக்கணும்? இதை அவர்கிட்டச் சொல்லு."

கான்ஸ்டபிள் நோட்டைத் திறந்தார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை மட்டும்தான் அவர்கள் கேட்டார்கள்.

நான் உள்ளே குனிந்து காவல் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினேன். பெட்டியைக் கையில் எடுத்து தியாகராஜாவிடம் கொடுத்தேன். விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார்.

திருப்புளியை எடுத்தேன். உடைந்த சாவித்துளையில் வைத்துத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன். மூன்று. நான்கு. சக்கரமில்லாத கார் செங்கல் மேல் நடுங்கிக்கொண்டு ஓடியது. பத்துவரை எண்ணிவிட்டு அணைத்தேன்.

"காவலை ஜனவரியிலேயே எடுத்துட்டேன், அங்கிள். இந்த விளக்கு நான் வச்சது. சாமி விளக்கு. அது எதையும் காக்கல. திருப்புளி இருந்தா யாரும் எடுத்திருக்கலாம்."

தியாகராஜா காவல் பெட்டியைக் கார் கூரைமேல் மெதுவாக வைத்தார்.

"குலம் உன்கிட்ட வந்தான்னு கனகம் சொன்னா."

"வந்தாரு."

"இதைத்தான் கேட்டானா?"

"ஆமா."

"என்ன சொன்ன?"

சொன்னேன்.

கான்ஸ்டபிளுக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. மலாயில் கேட்டார். மலாயில் மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரையும் ஐசி அடையாள அட்டை எண்ணையும் எழுதிக்கொண்டார். நாளைக்கு நிலையத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்றார். வருகிறேன் என்றேன். புறப்படும் முன் விளக்கைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வேனை எடுத்தபோது தியாகராஜா சொன்னார்.

"பாலம் வேணாம். பாகான் டாலாம் போ."

பாதி வழியில், "நான்தான் கேட்டைத் திறக்கல," என்றார். என்னிடம் சொன்னது போல இல்லை.

அறை ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. குலசேகரம் மடித்துக் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்தார். அத்தானைப் பார்த்ததும் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"காடி கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு," என்றார் தியாகராஜா.

"அப்பாடா. அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா? முதல்ல அதுக்குச் சொல்லுங்க. தூங்கியிருக்காது."

தியாகராஜா என்னைப் பார்த்தார். வாசலில் நின்றபடியே சொன்னேன். மூன்றாம் முறை என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

குலசேகரம் கதவுப் பிடியைப் பார்த்தபடி கேட்டார்.

"நான் உன் கடைக்கு வந்தேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும், அண்ணே."

"ரொட்டி வாங்கிக் குடுத்தியே. மூணு."

"ஆமா."

"பசியில எனக்கு ஒண்ணும் தோணல," என்றார்.

தியாகராஜா ஒரு அடி முன்னால் வந்தார். "குலம்," என்றார்.

"உள்ள வாங்க அத்தான். மாடி ஏறி மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க."

அறையில் ஒரே நாற்காலி. அதன்மேல் துணிப்பை இருந்தது. சட்டைகள் இன்னும் மடிப்புக் கலையாமல் இருந்தன. பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியைத் துடைத்தார். தியாகராஜா உட்கார்ந்தார்.

குலசேகரம் என்னை வா என்றும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே நின்றேன்.