ஒரு நாள் கிடந்த மா

“கோதம்ப மா வெள்ளைதானே கஜானி, அதில என்ன நிறம் பாக்கிற?”

“எங்க வெள்ள? மஞ்சளும் இரிக்கு, பழுப்பும் இரிக்கு. மஞ்சளுக்கு ஒரு மரபணு, குழைச்ச மா கறுக்கிறதுக்கு இன்னொண்டு. குழைச்ச கையோட எல்லா மாவும் வடிவுதான். ஒரு நாள் கிடந்தாத்தான் அதிட குணம் தெரியும்.”

“அப்ப மாப்பிள்ள பாக்கிற மாதிரி.”

“ஓம். நான்தான் அவசரப்பட்டுட்டன்.”

நான்கு வருடத்துக்கு முன்னர், அவுஸ்திரேலியாவுக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டே கஜானி கணவன் நிதுர்ஷனிடம் சொன்னது. அங்கே ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையத்தில், குழைத்து வைத்தாலும் கறுக்காத மா தரும் இனத்தைத் தேடுவது அவள் வேலை. நிதுர்ஷன் ஊரில், பழுகாமத்து வீட்டில் தனியே இருந்தான்.

போன புதிதில், ஊர்க் கடை மா எப்படி நிறம் மாறுகிறதென்று பார்க்க ஆசையாக இருக்கிறது என்று ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அன்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. வியாழன் பகல் இரண்டு மணிக்கு மாவைக் குழைத்துத் தட்டி, வெள்ளைப் பீங்கானில் வைத்து ஒரு படம். வெள்ளி இரண்டு மணிக்கு அதே மாவை இன்னொரு படம். ஊர்க் கடைகள் முடிந்ததும் பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிக்குடிவரை போய் மா வாங்கினான். கறுத்த மாவைக் கோழிக்குப் போடுவான். தனக்கென்று ஒரு ரொட்டி சுட மனம் வராது.

“மருமகன், பெஞ்சாதிர சீலையைப் புடிச்சிக்கிட்டு நீயும் போகல்லையா?” என்று வெல்லாவெளி வயல் வட்டையில் வைத்து, பக்கத்து வயல் இராசதுரை மாமா கேட்பார்.

“வயல ஆரு மாமா பாக்கிற?” என்பான் நிதுர்ஷன்.

உள்ளுக்குள் போகத்தான் ஆசை. என்னையும் கூப்பிடு என்று மனைவியிடம் கேட்க ஆண்பிள்ளை வெட்கம் விடவில்லை. வயலைச் சாட்டியே நான்கு வருடம் போயிற்று.

இந்த வெள்ளிக்கிழமை படம் அனுப்பிய கையோடு கஜானி அழைத்தாள்.

“நாங்க தேடின இனம் கிடைச்சிட்டு. ஒரு நாள் கடந்தும் கறுக்கல்ல. ஆனா இன்னும் மூணு வருசம் நிக்கச் சொல்லுறாங்க. திங்கக்கிழம பதில் சொல்லணும்.”

வழக்கம்போல “நில்லு” என்று சொல்லத்தான் வாயெடுத்தான்.

“அப்ப இனி மாப் படம் தேவைப்படாதா?” என்றுதான் வந்தது.



“அந்தப் படத்தால எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லங்க. இங்க நிறத்த மிசின்தான் அளக்கும். நீங்க தனிய இரிக்கிறீங்க, அதோடயாவது பொழுது போகட்டும் எண்டு விட்டன்.”

“உனக்குத் தேவையெண்டு நினைச்சித்தான் நான் குழைச்சிக்கிட்டிருந்தன்.”

இருநூறு வியாழக்கிழமைகள். அவனுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அந்தப் பக்கத்தில் அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“நீங்க வயல விட்டு அசையமாட்டீங்க. அதான் நானும் ஒண்டும் கேக்கல்ல,” என்றாள்.

“வயலக் குத்தகைக்குக் குடுக்கலாம்,” என்றான் நிதுர்ஷன். “என்னையும் அங்க கூப்பிடு, கஜானி.”