துணையில்லாமல் வெளியே போகக் கூடாத சொற்கள்

மனித குலத்தின் மேன்மை, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு கைகோத்து நடக்கிறது என்பதில்தான் அடங்கியிருக்கிறது. இந்த மகத்தான உண்மை ஒரு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியின் புகார் அறையில், ஒழுகுகிற ஏ.சி.க்குக் கீழே பக்கெட் வைத்திருந்த மூலையில் நின்று அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் டை கட்டியிருந்தார். பலகையின் அடிப்பக்கத்தில் எழுதக் குனிந்தபோதெல்லாம் டையின் நுனி பக்கெட்டில் நனைந்தது.

அவர் ஆங்கிலப் பயிற்சியாளர். மேனேஜர் எங்கிருந்தோ வரவழைத்த ஆள். வந்த அன்றைக்கே ஆபீஸ் அவருக்குத் தரகர் என்று பெயர் வைத்துவிட்டது. சொல்லுக்குச் சொல் ஜோடி பார்ப்பதுதானே அவர் தொழில்!

“டீ ஸ்ட்ராங். மழை ஹெவி. மாத்திச் சொல்லாதீங்க, காதால கேக்க முடியாது,” என்றார் தரகர். “மிஸ்டேக்கை ‘மேக்’ பண்ணணும், ஹோம்வொர்க்கை ‘டூ’ பண்ணணும். பயத்துக்கு ‘ஆஃப்’, கோபத்துக்கு ‘வித்’, பொறுப்புக்கு ‘ஃபார்’. முக்கியமா, ஒரு பெயர்ச்சொல்லைத் துணையில்லாம வெளியே அனுப்பாதீங்க.”

“ஏன் சார், இருட்டினப்புறமா?” என்று கேட்டாள் புகார் மேசைக்காரி.

தரகர் அதை ஒரு சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு, எந்த நேரத்திலும் கூடாது என்று விளக்கினார்.

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களோடு பேசுவது அவள் வேலை. பல பாஷைக்காரர்கள் குடியிருந்த ஊர் என்பதால் அலறல் ஆங்கிலத்தில் வரும். பதிலும் ஆங்கிலத்தில்தான் போகும். என்ன, அவள் கைக்குக் கிடைத்த சொல்லை எடுத்துப் பக்கத்தில் கிடக்கிற சொல்லோடு ஒட்டவைத்துவிடுவாள். “டோன்ட் ஈட் ஃபியர். லிஃப்ட் இஸ் ஸ்லீப்பிங். ஐ ஆம் சென்டிங் ஒன் ஹெவி மேன்.” மெக்கானிக் அண்ணன் நிஜமாகவே ஹெவிதான், அதனால் அதில் பொய்யில்லை. தன் இங்கிலீஷில் குறை இருக்கும் என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை. கேட்கிறவன் காதில்தான் குறை.

இப்போது வந்ததே சோதனை. மேசையில் இருந்த இரண்டு ஃபோன்களில் ஒன்றை எடுத்துவிடப் போகிறார்கள். பரிட்சையில் ஜெயிப்பவளுக்கு ஃபோன், ஜன்னல், சுழல் நாற்காலி. தோற்பவளுக்கு பேஸ்மெண்ட் ஸ்டோரில் நட்டு, போல்ட்டு, எலி. போட்டியாளர் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார். மேனேஜர் கையைக் காலைப் பிடித்து அவளே சேர்த்துவிட்ட நாத்தனார்.

“அண்ணி, நேத்து தூக்கத்துல ‘அட்மோஸ்ட் ப்ரையாரிட்டி’ன்னு கத்தினேனாம். அம்மா எழுந்து விளக்கைப் போட்டுட்டாங்க,” என்றாள் நாத்தனார், பெருமையை மறைக்கத் தெரியாமல்.

“காய்ச்சல் இருக்கான்னு பாத்தாங்களா?”

இருவரில் யார் இங்கிலீஷ் தேவலை என்று வீட்டில் புருஷன்காரனிடம் கேட்டுப் பார்த்தாள். “ரெண்டு பேருமே நல்லாத்தான் பேசுறீங்க,” என்று தட்டைப் பார்த்தே சொல்லிவிட்டு, கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். இவனை நம்பி ஃபோனை விட முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பரிட்சை நேரடிப் பரிட்சை. வருகிற அழைப்பை எடுக்க வேண்டும், ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்பார்கள். பொருத்தமில்லாத ஜோடி வாயிலிருந்து விழுந்தால் தரகர் மேசை மணியைத் தட்டுவார். கணக்குப் பிரிவு முழுக்க வந்து சுவரோரம் நின்றது. மெக்கானிக் அண்ணன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

முதல் அழைப்பு நாத்தனாருக்கு. யாரோ ஒரு மனிதர், எங்கேயோ ஒரு லிஃப்ட்டில், இரண்டு மாடிகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தார்.

நாத்தனார் கண்ணை மூடினாள். பொழிந்தாள். டீப்லி ரிக்ரெட் பண்ணினாள். சின்சியர் அப்பாலஜி கேட்டாள். கிரேட் இன்கன்வீனியன்ஸைப் புரிந்துகொண்டாள். இமீடியட் ஆக்‌ஷனை ‘டேக்’ பண்ணினாள். அந்த மனிதர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்கு அட்மோஸ்ட் ப்ரையாரிட்டி கொடுத்து, ப்ளெசன்ட் டே வாழ்த்தி, ஃபோனை வைத்தாள்.

மணி ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. அறை கைதட்டியது. தரகர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“எந்த பில்டிங்?” என்று கேட்டாள் புகார் மேசைக்காரி.

கைதட்டல் நின்றது. லிஃப்ட்டுக்குள் இருக்கும் பழைய ஃபோன்கள் நம்பர் காட்டாது. நாத்தனார் தரகரைப் பார்த்தாள். தரகர் பலகையைப் பார்த்தார்.

“பாடத்துல முகவரி கேக்குற வாக்கியம் இன்னும் வரல,” என்றார் தரகர். “அது அடுத்த வாரம்.”

“அவரே மறுபடி கூப்பிடுவாரு,” என்றார் மேனேஜர் நிதானமாக. “எங்க போயிடப் போறாரு?”

கூப்பிட்டார். புகார் மேசைக்காரி பாய்ந்து எடுத்தாள்.

“ஹலோ! யூ ஸ்டில் லிவிங்?”

டிங்.

“விச் பில்டிங் ஸ்டமக் யூ ஆர் ஸ்டாண்டிங்?”

டிங்.

“ஓப்பன் காலர் பட்டன், க்ளோஸ் டென்ஷன். டோன்ட் ஈட் ஃபியர்...”

டிங், டிங்.

அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு எட்டினாள். மணியைப் பிடுங்கி பக்கெட்டில் போட்டாள். அதன் பிறகு அறையில் அவள் குரல் மட்டும்தான். அந்த மனிதர் முகவரி சொன்னார், அவள் அதை இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். “குட். நவ் சிட். நோ லீக்கிங் ஃபேஸ். மேன் கமிங்,” என்று சொல்லி வைத்தாள்.

“இது என்ன அராஜகம்!” தரகர் ஈர டையை உதறினார். “பில்டிங்குக்கு வயிறுன்னு எந்த அகராதியிலயும் கிடையாது!”

“அகராதி லிஃப்ட்ல மாட்டல சார். மனுஷன் மாட்டியிருக்கான்.”

“நான் சொல்லித்தர்ற மாதிரித்தான்மா எல்லாரும் பேசுறாங்க. அது வழக்கம்.”

“யாரு சார் வச்ச வழக்கம்? எனக்கு ஹெவிதான் வேணும்னு மழை வந்து உங்ககிட்ட அழுதுச்சா? வழக்கம் வழக்கம்னு சொல்லித்தான் இத்தனை வருஷமா என்னைப் பாத்திரம் தேய்க்க வச்சிருக்காங்க. அங்கயே இப்பல்லாம் நான் கேக்குறதில்ல.”

“அண்ணி, வீட்டு விஷயம் இங்க எதுக்கு?”

“நீ சும்மா இரு, ப்ளெசன்ட் டே! சார், எனக்கு வருத்தம் வந்தா வருத்தம்னு சொல்றேன். அது எவ்வளவு ஆழம்னு நீங்க கயிறு விட்டுப் பாக்க வேணாம்.”

கணக்குப் பிரிவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமினார். இந்தச் செருமலுக்கு ஆபீஸில் மரியாதை உண்டு. இன்றைக்கு இல்லை.

“பரிட்சையில உங்களுக்கு மார்க்கே இல்லம்மா. கீழ ஸ்டோருக்குக் கிளம்புங்க.”

“போக மாட்டேன்.” அவள் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் இறுகப் பிடித்துக்கொண்டாள். “வேணும்னா நாற்காலியோட தூக்கிட்டுப் போங்க. படியிலதான் தூக்கணும். லிஃப்ட் கம்பெனியோட லிஃப்ட் போன மாசமே படுத்தாச்சு.”

“அப்படிப் போடு தங்கச்சி!” வாசலிலிருந்து மெக்கானிக் அண்ணன் கை தட்டினார். அந்தக் கை ஹெவி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

மேனேஜர் அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், படியை மனசுக்குள் பார்த்தார். அவருக்கு முதுகுவலி உண்டு.

“சரி, இப்போதைக்கு ரெண்டு ஃபோனும் இருக்கட்டும். பாக்கலாம்.”

அந்த ஆபீஸில் பாக்கலாம் என்றால் தோற்றுவிட்டார் என்று அர்த்தம். கணக்குப் பிரிவு விசிலடித்தது. நாத்தனார் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், ஸ்டோரில் எலி இருப்பது அவளுக்கும் தெரியும். தரகர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பக்கெட்டுக்குள் துழாவினார். யாரோ டீ சொன்னார்கள். எப்படி வேண்டும் என்று கேட்டதற்கு, “ஹெவியா!” என்று அறையே கத்தியது.

புகார் மேசைக்காரி நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினாள். பிறகு எல்லோருக்கும் ராணி மாதிரி இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளங்கையில் முகவரி இருந்தது. அதை மெக்கானிக்கிடம் இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.