பின்னறைக்காக ஒரு கதை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மிரட்டலில் பிறந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரே ஒரு கதையை முடிச்சு எனக்குப் படிச்சுக் காட்டு. இல்லேன்னா பின்னறை என் மெஷினுக்கு" என்று என் தங்கை சொல்லிவிட்டாள். அவள் தையல்காரி. நடைவழியில் மெஷினைப் போட்டுக்கொண்டு பட்டப்பகலிலும் விளக்கெரித்துத் தைக்கிறாள். வீட்டில் ஜன்னல் வெளிச்சம் உள்ள ஒரே அறையான பின்னறையில் நான் எழுதுகிறேன்.

(எழுதுகிறேன் என்பது கொஞ்சம் அளப்பு. தினமும் காலையில் உட்காருவது உண்மை. சொல்வளம் வேண்டுமே என்று முதலில் படிப்பேன். நல்ல சொல் ஒன்று அகப்படும். அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு புத்தகம். அதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்கு நேரமாகிவிடும்.)

இன்று ஞாயிறு.

2.

முதல் முயற்சி: "வைகறையின் அலமரலில் அத்துன்னகாரி தன்..."

தன் என்ன? தெரியவில்லை. அலமரல் என்றால் சுழற்சி. துன்னகாரர் என்றால் பழந்தமிழில் தையல்காரர். இரண்டும் இந்த வாரம் பிடித்தவை. பிடித்ததை விட மனசு வருமா?

நான் வாய்விட்டுப் படித்தபடி எழுதுகிறவள். வெளியே மெஷின் நின்றது.

"யாருக்கா அந்தத் துன்னகாரி?"

"நீதான்டி."

"நானா? ஏதோ வியாதி பேர் மாதிரி இருக்கு!"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

(குறிப்பு: வீடு நிறையப் பாத்திரம் இருந்தும் அடுப்பில் பூனை தூங்கினால் என்ன சொல்வது? அதுதான் என் நிலைமை.)

3.

இரண்டாம் முயற்சி: "மசங்கல் வெளிச்சத்தில் ஒருத்தி கறுப்புக் கோட்டுக்குக் கறுப்பு நூல் கோக்கிறாள். ஊசிக் காது தெரியவில்லை. நூல் நுனியை மறுபடியும் எச்சில் தொட்டுக்கொள்கிறாள். அவளுடைய அக்காவோ கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், 'நல்ல வெளிச்சத்துல வேலை பாருங்க, கண்ணு கெட்டுப்போகும்' என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள்."

ஊருக்குத்தான் உபதேசம். எழுதும்போதே என் மேல் எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பேனா நிற்கவில்லை. எந்தப் புத்தகத்தையும் புரட்டவில்லை. 'மசங்கல்' எப்போதோ படித்த சொல். கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று ஓடியது.

"ஐயோ அக்கா! உன் கதையைக் கேட்டுக்கிட்டே கோட்டோட இடது கையை வலது பக்கம் வெச்சுத் தச்சுட்டேன்!"

அது ஒரு வக்கீல் பெண்ணின் கோட்டு. சாயங்காலம் வாங்க வருவாள். நாளை அவளுக்கு முதல் வழக்கு. என் தங்கை இதுவரை கை மாற்றித் தைத்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். எந்தப் பத்திரிகை பாராட்டியிருந்தாலும் இவ்வளவு இனித்திருக்காது.

4.

கறுப்புத் துணியில் கறுப்புத் தையலைப் பிரிக்க நடைவழி வெளிச்சம் போதாது. கோட்டோடு உள்ளே வந்து, என் புத்தகங்களை நகர்த்திவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். துணியை மூக்குக்கருகே கொண்டுபோகாமலே பிரிக்கிறாள். கண்ணைக் கசக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"அப்புறம்? அந்த அக்காக்காரி அறையைக் குடுத்தாளா இல்லையா?"

"நீ என்ன நினைக்கிறே?"

"என்னைக் கேட்டா? கதை நல்லாத்தான் இருக்கு, சட்டுனு முடி. முடிச்சிட்டா அறை உனக்குத்தான். சொன்ன பேச்சு மாற மாட்டேன்."

மாறவும் மாட்டாள். பிடிவாதக்காரி. அக்கா கொடுத்தாள் என்று எழுதினாலும், கொடுக்கவில்லை என்று எழுதினாலும், கதை முடிந்துவிடும். உடனே கோட்டைச் சுருட்டிக்கொண்டு நடைவழிக்குக் கிளம்பிவிடுவாள். (இருவரும் இங்கேயே இருந்தால் என்ன என்கிறீர்களா? பார்த்தாயிற்று. பக்கத்திலேயே மெஷின் ஓடினால் எனக்கு அரை வரி ஓடாது.)

இந்த அறை எனக்கு வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே வேண்டும்.

"என்னக்கா, முடிச்சிட்டியா?"

"எங்கடி, வரவே மாட்டேங்குது."

முடிவு உங்களுக்கு வந்திருக்குமே? வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கைக்கு மட்டும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.